டைனமோ மாற்றிய டிராக்டரும் தீராத பேட்டரிச் செலவும்

சேற்றுழவு நடக்கும் நாட்களில் பழைய டிராக்டரொன்று அதிகாலையில் கிளம்ப மறுத்தால், அதன் சொந்தக்காரர் செய்யும் முதற்காரியம் பேட்டரிக் கடைக்கு ஆளனுப்புவதே. புதுப் பேட்டரி பூட்டியதும் யந்திரம் கிளம்பிவிடுகிறது. குற்றம் பழைய பேட்டரியுடையதே என்று அவருக்கு நிச்சயமாகிவிடுகிறது. சில வாரங்களில் புதியதும் பழையதன் கதியை அடைகிறது. பணம் ஆயிரக்கணக்கில் விரயமாவதுடன், முறைத்தண்ணீரும் கைதவறிப் போகிறது. டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் பூட்டிய டிராக்டர்களில் இத்தொல்லை நேரும்போது, குற்றம் பேட்டரியில் இருப்பதைவிட மாற்றத்தை அரைகுறையாகச் செய்ததில் இருப்பதே அதிகம்.

மாற்றியதே தவறு என்று கூறுவோர் சிலருண்டு. அது நியாயமன்று. 1960-ஆம் ஆண்டில் சென்னையில் டாபே நிறுவனம் தொடங்கப்பெற்று மாஸி பெர்குஸன் டிராக்டர்கள் பெருகிய காலத்தில் டைனமோவே பொது வழக்கம். அது வேகமாகச் சுழன்றால்தான் போதிய மின்சாரம் தரும். ஆல்டர்னேட்டரோ என்ஜின் மெதுவாக ஓடும்போதும் பேட்டரியைச் சார்ஜ் செய்யும். இரவில் விளக்குப் போட்டு உழுவோருக்கு அதுவே சிலாக்கியமானது. ஆனால் பல பட்டறைகளில் டைனமோ இருந்த இடத்தில் ஆல்டர்னேட்டரை மாட்டிவிட்டு, பழைய கட்-அவுட் பெட்டியையும் வயர்களையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

என்ஜின் நின்றபின் பேட்டரியின் மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பிப் பாயாமல் தடுப்பதும், மின்னழுத்தத்தை வரம்பில் நிறுத்துவதும் அப்பெட்டியின் வேலை. ஆல்டர்னேட்டரில் முதல் வேலையை டயோடுகள் செய்கின்றன. இரண்டாவதைச் செய்யும் ரெகுலேட்டர் பெரும்பாலும் அதனுள்ளேயே இருக்கிறது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவரை நாற்காலியை விட்டு எழுப்பாமல் வைத்திருந்தால் கச்சேரி வேலை எவ்வாறு நடக்குமோ, அவ்வாறே பழைய பெட்டி வழியில் இருக்கும்வரை சார்ஜ் நடக்கும். மேலும், டைனமோவின் 20 ஆம்பியருக்கென்று போட்ட மெல்லிய வயரில் 35 அல்லது 40 ஆம்பியரைச் செலுத்தினால் வயர் சூடேறுமேயன்றிப் பேட்டரி நிறையாது.

இதனினும் குறைவாகக் கவனிக்கப்படுவது சார்ஜ் விளக்கு. டைனமோ தன் இரும்பில் எஞ்சிநின்ற காந்த சக்தியைக் கொண்டே வேலையைத் தொடங்கும். அநேக ஆல்டர்னேட்டர்களுக்கு அது போதாது. சாவியைத் திருப்பியதும் அச்சிறு பல்பின் வழியே செல்லும் மின்சாரமே உள்ளே சுழலும் பாகத்தைக் காந்தமாக்குகிறது. பல்பு எரிந்துபோயினும், மாற்றியவர் விளக்கையே சேர்க்காமல் விட்டிருப்பினும், அதற்குப் பதிலாக மிகக் குறைந்த மின்சாரம் இழுக்கும் எல்.இ.டி. விளக்கைப் போட்டிருப்பினும், நல்ல ஆல்டர்னேட்டரும் சும்மா சுழன்றுகொண்டிருக்கக்கூடும். சாவி திருப்பியவுடன் விளக்கு எரிய வேண்டும். என்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். முதலில் எரியவே இல்லையெனில் சோதனையை அங்கிருந்தே தொடங்குவது நல்லது. சில ரூபாய் பெறும் பல்புக்காக ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பட்டணத்துக்கு எடுத்துச் செல்வது வீண் அலைச்சல்.

நஞ்சை உழும் டிராக்டருக்குச் சேறும் ஒரு பகை. கேஜ் வீல் வாரியிறைக்கும் சேற்று நீர் எர்த் பட்டையின் அடியில் புகுந்து துருவேற்றுகிறது. மேலுக்கு இறுக்கமாகவே தோன்றும். உள்ளே மின்சாரம் செல்ல வழியிராது. அதைக் கழற்றி, இரும்பு பளிச்சிடும்வரை சுரண்டி, மறுபடி முடுக்கிக் கிரீஸ் தடவ அரைமணி நேரமும் ஆகாது. பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் மட்டுமே அமுங்க வேண்டும்.

மல்டிமீட்டர் ஒன்றைக் குடியானவர் வீட்டில் வைத்திருத்தல் அவசியம். புதுப் பேட்டரியின் விலையில் அது சிறு பங்கே. முழுதும் சார்ஜ் ஆகி ஓய்ந்திருக்கும் 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். என்ஜினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டால் 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். ஏறவேயில்லையெனில் சார்ஜ் இல்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுப் பேட்டரி நீர் கொதித்து வற்றுகிறது. ஆல்டர்னேட்டரின் முனையில் 14-க்கு மேல் இருந்து பேட்டரியில் 13 மட்டுமே வருமாயின், எஞ்சியது நடுவிலுள்ள வயரிலோ இணைப்பிலோ போய்விட்டது. அந்நிலையில் பேட்டரியையோ ஆல்டர்னேட்டரையோ மாற்றுவது பணத்தை வாய்க்காலில் விடுவதாகும்.

பழைய பழக்கமொன்றை உடனே விட்டொழிக்க வேண்டும். டைனமோக் காலத்தில், என்ஜின் ஓடும்போதே பேட்டரியின் முனையைக் கழற்றிச் சார்ஜ் வருகிறதா என்று பார்ப்பவர் உண்டு. ஆல்டர்னேட்டரில் அவ்வாறு செய்தால், அக்கணத்தில் எழும்பும் அழுத்தம் டயோடுகளையும் ரெகுலேட்டரையும் எரித்துவிடக்கூடும். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் செய்யப்பெற்ற பெர்குஸன் டி.இ.20 போன்ற டிராக்டர்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே எர்த்தாக இருந்தது. இக்காலத்து ஆல்டர்னேட்டருக்கு நெகட்டிவ் முனையே எர்த்தாக வேண்டும். பேட்டரி இணைப்பைத் திருப்பாமல் பூட்டினால் டயோடுகள் மிஞ்சா.

பழைய டீசல் என்ஜின் ஒருமுறை கிளம்பியபின் மின்சாரமின்றியே ஓடும். ஆதலால் சார்ஜ் நின்றுபோனது உழவு நடக்கும்போது தெரிவதில்லை. டிராக்டரை மேட்டில் நிறுத்திவைத்துச் சரிவில் உருட்டிக் கிளப்புவதும், பையன்களைக் கொண்டு தள்ளச் சொல்வதும் இதிலிருந்தே பிறந்த வழக்கங்கள். பிரேக் தளர்ந்த பழைய யந்திரத்தைச் சரிவில் நிறுத்துவது எத்தகைய அபாயம் என்பது கிராம அதிகாரிகள் அறியாததன்று.

கூட்டுறவுச் சங்கம் வாடகைக்கு விடும் பழைய டிராக்டர்களில் இவ்வித மாற்றம் செய்யும்போது, எந்த வயர் எங்கிருந்து எங்கே செல்கிறது என்று காட்டும் படம் ஒன்றைப் பட்டறைக்காரரிடம் எழுதி வாங்கிக்கொண்ட பிறகே கூலியைக் கொடுக்க வேண்டும். மாற்றியவர் ஒருவர், அடுத்த பழுதைப் பார்ப்பவர் வேறொருவர். படமில்லாவிடில் பின்னவர் இரண்டு வயரை வெட்டி மூன்று வயரைச் சேர்த்துவிட்டுப் போவார். அப்படத்தைக் கருவிப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டி, பேட்டரி வாங்கிய தேதியையும் அதன் கீழே குறித்துவைக்கலாம்.