பரம்பரைச் சொத்தா?

நம் ஊரில் எந்த வியாதி வந்தாலும் முதல் கேள்வி, 'உங்க குடும்பத்துல யாருக்காவது இருந்ததா?' டாக்டர் கேட்டால் நியாயம். பெண் பார்க்க வருகிறவர்களும் கேட்கிறார்கள். சர்க்கரை, வழுக்கை, முன்கோபம் எல்லாவற்றுக்கும் தாத்தாவைக் கைகாட்டியே பழகிவிட்டோம்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் விஷயத்தில் இந்தப் பழக்கம் ஆளைக் கொல்லும். 'எங்க வம்சத்துலயே யாருக்கும் கிடையாது, எனக்கெதுக்கு டெஸ்ட்டு?' என்று நிம்மதியாகச் சீரியல் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

வம்சத்துக்குப் பங்கே இல்லையா? உண்டு, கொஞ்சம். 1999-ல் வெளியான ஸ்வீடன் ஆராய்ச்சி ஒன்றில், பெற்ற தாய்க்கோ கூடப்பிறந்தவளுக்கோ இந்தப் புற்றுநோயோ அதன் ஆரம்ப நிலையோ இருந்தால், ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று தெரிந்தது. தத்தெடுத்த தாய்க்கு இருந்தால் அப்படி ஏறவில்லை. ஆக, ரத்தத்தில் ஏதோ இருக்கிறது. கிருமியை விரட்டும் சாமர்த்தியம் எல்லா உடம்புக்கும் ஒரே மாதிரி அமைவதில்லை.

ஆனால் விரட்டுவதற்கு முதலில் கிருமி வரவேண்டுமே! இந்தப் புற்றுநோயில் ஏறக்குறைய முழுவதற்கும் காரணம் எச்.பி.வி. என்கிற வைரஸ். அதைக் கண்டுபிடித்த ஜெர்மானியர் ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நூற்றுக்கு மேல் வகைகள் உண்டு. அதில் 16, 18 என்ற இரண்டு நம்பர்கள் மட்டுமே பத்தில் ஏழு கேஸ்களுக்குப் பொறுப்பு.

தாம்பத்திய உறவில் தொற்றுவது இது. இங்கேதான் சங்கடம். 'டெஸ்ட்டில் தெரிந்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?' என்று பயந்தே பலர் போவதில்லை. அம்மணி, நீங்கள் கண்ணகியாகவே இருக்கலாம். வீட்டுக்காரர் ஒரு காலத்தில் கோவலனாக இருந்திருந்தால்? வைரஸ் பல வருஷம் சத்தம் போடாமல் குடியிருக்கும். அது யாருடைய நடத்தைக்கும் சர்ட்டிபிகேட் இல்லை.

பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷத்தில் தானே போய்விடும். போகாமல் தங்கினால்தான் வம்பு. தங்குவதற்கு ஒத்தாசை செய்கிறவர்களில் முக்கியம், புகையிலை. புகைக்கும் பெண்களின் கர்ப்பப்பை வாய்ச் சளியிலேயே அதன் ரசாயனம் இருக்கிறது. நிறையப் பிரசவங்கள், ஐந்து வருஷத்துக்கு மேல் விடாமல் கருத்தடை மாத்திரை, எச்.ஐ.வி. இவையும் பட்டியலில் உண்டு.

நல்ல செய்தி, இது நிதானமான வியாதி. வைரஸ் தங்கிப் புற்றாக மாறப் பத்துப் பதினைந்து வருஷமாவது ஆகும். அதற்குள் பிடித்துவிடலாம். நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே செய்து காட்டினார்கள். சமையலறை வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெறும் கண்ணால் பார்க்கும் பரிசோதனை. நிறம் வெளுத்தால் சந்தேகம், உடனே சிகிச்சை. 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் ஒரே ஒரு தடவை செய்ததில், பரிசோதனை இல்லாத ஊர்களைவிடச் சாவு 35 சதவிகிதம் குறைந்தது. 2007-ல் 'லான்செட்' பத்திரிகையே பிரசுரித்தது.

முப்பது தாண்டியவர்கள் தாத்தா பாட்டியை விசாரிக்காமல் டாக்டரிடம் போங்கள். 9-லிருந்து 14 வயதுக்குள் பெண் குழந்தை இருந்தால், இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. அவளுக்கு வைரத்தோடு சேர்க்கும்போது அந்த ஊசியையும் கணக்கில் சேருங்கள். தோடு அடகுக்குப் போனாலும் போகும், ஊசி போகாது.