தலையெழுத்தும் மூளை ரண சிகிச்சையும்

மனிதனுடைய மண்டையோட்டின்மேல் கோணல்மாணலாகச் சில கோடுகள் ஓடுவதுண்டு. சுடுகாட்டில் வேகாமல் மிஞ்சிய மண்டையோட்டைக் காட்டி, "இதோ பிரம்மா எழுதிய எழுத்து" என்று சொல்லுகிறவர்கள் நம் நாட்டில் இன்னமும் இருக்கிறார்கள். அது எந்தப் பாஷை, அதை இதுவரை வாசித்தவன் யார் என்று கேட்டால் மாத்திரம் பதில் வருவதில்லை. மண்டையோடு ஒரே எலும்பல்ல. பல எலும்புகள் சேர்ந்தது. பிரசவத்தின்போது தலை ஒடுங்கி வெளியே வருவதற்கும், பிறகு மூளை வளருவதற்கும் இடங்கொடுக்க அவை தனித்தனியே இருந்து, பின்னால் ஒன்றோடொன்று பொருந்திக்கொள்ளுகின்றன. அந்தப் பொருத்துவாய்களைத்தான் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக விதி என்று சொல்லி அழுது வருகிறார்கள்.

இந்த மண்டைக்குள் இருப்பதைத் திறக்காமலே பார்ப்பதற்கு மனிதன் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1895-ல் ராண்ட்ஜன் கண்ட எக்ஸ்ரே, எலும்பைக் காட்டிற்றேயொழிய மூளையைக் காட்டவில்லை. மூளையிலுள்ள நீரை வடித்துக் காற்றை ஏற்றிப் படம் பிடித்தார்கள். நோயாளி தலைவலியால் துடித்துப்போவான். 1971 அக்டோபர் 1-ந் தேதி லண்டனில், ஹவுன்ஸ்பீல்டு என்பவர் செய்த ஸி.டி. ஸ்கேன் யந்திரத்தில் முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது. அவர் டாக்டர் அல்ல, இன்ஜினீயர். பிறகு காந்த சக்தியைக் கொண்டு படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. வந்தது.

இன்று அப்படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒன்றுசேர்த்து, நோயாளியின் தலையையே கண்முன் நிற்கும் உருவமாக ஆக்கிவிடுகிறார்கள். டாக்டர் ஒருவிதக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைச் சுற்றிவந்து பார்க்கலாம். எலும்பை நீக்கிப் பார்க்கலாம். கட்டி எது, அதை ஒட்டி ஓடும் ரத்தக்குழாய் எது, எவ்விடத்தில் திறந்தால் சேதம் குறைவு என்று கத்தியைத் தொடுமுன் ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம். சுற்றியுள்ள உலகத்தை அடியோடு மறைத்து உருவத்தை மாத்திரம் காட்டுவது ஒரு வகை. எதிரே இருக்கும் நோயாளியின் தலையும் தெரிய, அதன்மேலேயே உள்ளிருக்கும் கட்டியும் பொருந்தித் தெரியும்படி செய்வது மற்றொரு வகை. இந்த இரண்டாவதற்குத்தான் மிக்சட் ரியாலிட்டி என்று பெயர்.

இதில் நாம் முக்கியமாய்க் கவனிக்க வேண்டியது, திட்டம் ஆளுக்கு ஆள் வேறு என்பதாகும். வலக்கைக்காரரில் பெரும்பாலோருக்குப் பேச்சுக்குரிய இடம் மூளையின் இடப்பக்கம் இருக்கிறது. இடக்கைக்காரரில் சிலருக்கு வலப்பக்கமும் இருக்கக்கூடும். கட்டி வளர்ந்துவிட்டாலோ, நரம்புப் பாதைகளைத் தள்ளி இடம் மாற்றிவிடும். ஆகவே புத்தகத்திலுள்ள படம் போதாது. உலகத்து மக்கள் அத்தனைபேரையும் பன்னிரண்டு ராசிக்குள் அடைத்துப் பலன் சொல்லுகிற ஜோசியன் எங்கே, ஒரு மனிதனுக்கென்று ஒரு படம் செய்து, அதிலும் சந்தேகப்பட்டுத் திரும்பத் திரும்பப் பார்க்கிற வைத்தியன் எங்கே?

ஓர் உதாரணம். பிரேசில் தேசத்தில் தலையோடு தலை ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள், ஏறக்குறைய நான்கு வயதில், 2022 ஜூனில் ரியோ டி ஜெனிரோ நகரத்து ஆஸ்பத்திரியொன்றில் பிரிக்கப்பட்டார்கள். மூளையின் முக்கிய ரத்தக்குழாய்கள் இருவருக்கும் பொதுவாயிருந்தன. முன் செய்த சிகிச்சையின் தழும்பு வேறு. லண்டன் டாக்டர் ஜீலானியும் ரியோ டாக்டர் முபாரெஜும் மாதக்கணக்கில் திட்டமிட்டார்கள். நாம் மேலே சொன்ன முதல் வகைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சமுத்திரத்துக்கு இக்கரையிலும் அக்கரையிலும் இருந்தபடியே, ஒரே அறையில் நிற்பவர்களைப்போல் அந்தத் தலைகளின் உருவத்தின்மேல் ஒத்திகை நடத்தினார்கள். மொத்தம் 7 ரண சிகிச்சைகள். கடைசியானது மாத்திரம் 27 மணி நேரத்துக்கு மேல். உழைத்தவர்கள் சுமார் 100 பேர். அப்பிள்ளைகள் நம் ஊரில் பிறந்திருந்தால் பூர்வஜென்மப் பாபம் என்றிருப்பார்கள். அல்லது அவதாரம் என்று சொல்லி உண்டியல் வைத்திருப்பார்கள்!

இதனால் இக்கண்ணாடியை ஒரு புதுத் தெய்வமாக்கிவிட வேண்டுமென்று நாம் சொல்ல வரவில்லை. ஸ்கேன் யந்திரத்துக்கே ஆயுதபூஜையன்று சந்தனம் குங்குமம் பூசுகிற படித்த கூட்டம் நம்மிடத்தில் இருப்பதால் இதைச் சொல்லி வைக்கிறோம். மண்டையைத் திறந்து நீர் வடிந்தவுடன் மூளை அமிழ்ந்து இடம் பெயருகிறது. சில சமயங்களில் ஒரு சென்டிமீட்டர் அளவுகூட. அப்பொழுது முன்னே எடுத்த படம் பொய்த்துப்போகும். இதை அளந்து சொன்னவர்கள் விரோதிகளல்ல, அதே டாக்டர்கள்தான். அதனால்தான் சிகிச்சையின் நடுவிலேயே மறுபடியும் படமெடுத்துத் திருத்திக்கொள்ளுகிறார்கள். எந்தப் புரோகிதனாவது தன் பரிகாரம் எத்தனை மில்லிமீட்டர் தவறும் என்று சொன்னதுண்டா? கண்ணாடியும் சாசுவதமல்ல. ஆஸ்பத்திரிகளில் ஆராய்ச்சிக்குப் பயன்பட்ட ஹோலோலென்ஸ் கண்ணாடியின் உற்பத்தியை மைக்ரோசாப்ட் கம்பெனி 2024-ல் நிறுத்திவிட்டது. வேறு கண்ணாடி வரும். கற்றுக்கொண்ட வித்தை போகாது.

நிற்க, நம் நாட்டுச் சங்கதிக்கு வருவோம். 1949-ல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950-ல் சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் மூளை ரண சிகிச்சைக்கென்று தனிப்பிரிவு தொடங்கினார்கள். அதற்குப் பிறகு 75 வருஷமாகியும், நடுவயதில் திடீரென்று வலிப்புக் கண்டவனைப் பேய் பிடித்ததென்று உடுக்கைக்காரனிடம் இழுத்துப்போகிறார்கள். விடியற்காலைத் தலைவலியும் வாந்தியுமாய்க் கிடக்கும் பெண்ணுக்குத் தாயத்துக் கட்டுகிறார்கள். கட்டி, தாயத்துக்குப் பயந்து நிற்பதில்லை. சுண்டைக்காயளவில் எடுக்கவேண்டியது எலுமிச்சங்காயளவான பிறகு ஆஸ்பத்திரிக்கு வருகிறது. அந்நிலையில் டாக்டர் கைவிரித்தால் "விதி" என்கிறார்கள்.

ரியோவில் அச்சிகிச்சை நடந்தது பணக்காரருடைய ஆஸ்பத்திரியில் அல்ல, அம்மாகாண அரசாங்கத்தின் மூளை ஆஸ்பத்திரியில் என்பதை நம் மந்திரிகள் தெரிந்துகொள்ளட்டும். நம் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் ஸி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் இருக்கின்றன. அவற்றின் படங்களை உருவமாக்கும் கம்ப்யூட்டரும், அதை நடத்தத் தெரிந்த ஆட்களும்தான் மேற்கொண்டு வேண்டும். தோழர்கள் தங்கள் ஊர்ச் சட்டசபை அங்கத்தினரிடம் கோயில் கும்பாபிஷேகத்துக்குப் பணம் கேட்கப் போகிறவர்களைச் சந்தித்தால், கூடவே போய் இதையும் கேட்டுவிட்டு வரட்டும். வீட்டில் யாருக்காவது மூளையில் கட்டி என்று சொல்லப்பட்டால், டாக்டரிடம் படத்தைக் காட்டச் சொல்லி, கட்டி எங்கே, பேச்சுக்குரிய இடம் எங்கே, எந்த வழியாய்ப் போகப்போகிறீர்கள் என்று கேட்கவேண்டும். கேட்பதற்கு இங்கிலீஷ் தெரிந்திருக்கத் தேவையில்லை.