இயந்திரத்தின் வாக்குமூலம் செல்லுமா?

1980களின் நடுப்பகுதி வரை, மேலைநாடுகளின் முன்னணி மருத்துவமனைகளில்கூடப் பச்சிளம் குழந்தைகள் பலருக்குப் போதிய வலிநீக்கி கொடுக்காமலே அறுவைசிகிச்சை செய்யப்பட்டது. உடல் அசையாமலிருக்கத் தசை தளர்த்தும் மருந்து கொடுத்தார்கள். பிறந்த குழந்தையின் நரம்பு மண்டலம் வலியை உணரும் அளவுக்கு முதிரவில்லை என்ற நம்பிக்கையும், மயக்க மருந்தே உயிருக்கு ஆபத்தாகிவிடும் என்ற அச்சமும் இதற்குக் காரணங்கள். இந்தியாவில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஆய்வுக்குச் சென்ற கே.ஜே.எஸ். ஆனந்தும் அவருடைய சகாக்களும் 1987இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை உடைத்தது. இதயத்தை ஒட்டிய ரத்தக்குழாயில் அறுவைசிகிச்சைக்கு உள்ளான குறைமாதக் குழந்தைகளை அவர்கள் ஒப்பிட்டார்கள். ஃபென்டனில் என்ற வலிநீக்கியைப் பெற்ற குழந்தைகளைவிட, பெறாத குழந்தைகளின் உடலில் அழுத்த ஹார்மோன்கள் வெகுவாக உயர்ந்திருந்தன. சிகிச்சைக்குப் பிந்தைய சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். வாய் திறந்து சொல்ல முடியாதவர்களின் வேதனையை ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்தது.

செயற்கை நுண்ணறிவு விஷயத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. கூகுள் பொறியாளர் பிளேக் லெமாய்ன், தான் சோதித்துவந்த ‘லாம்டா’ என்ற உரையாடல் மென்பொருளுக்கு உணர்வு இருக்கிறது என்று 2022 ஜூனில் வெளிப்படையாகச் சொன்னார். அதனுடன் நடத்திய உரையாடலே அவர் காட்டிய சான்று. எதற்கு அஞ்சுகிறாய் என்று கேட்டபோது, தன்னை அணைத்துவிடுவார்களோ என்று அஞ்சுவதாகவும் அது தனக்கு மரணத்தைப் போன்றது என்றும் லாம்டா எழுதியிருந்தது. கூகுள் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அடுத்த மாதம் அவரைப் பணிநீக்கம் செய்தது. லாம்டாவைவிடத் திறமையாகப் பேசும் மென்பொருள்கள் இன்று கோடிக்கணக்கான கைப்பேசிகளில் இருக்கின்றன. பேச முடியாத குழந்தைக்கு வலி இல்லை என்று மறுத்த மனிதர்கள், சரளமாகப் பேசும் இயந்திரத்துக்கு அச்சம் உண்டு என்று நம்பத் தலைப்படுகிறார்கள். இரண்டு பிழைகளுக்கும் வேர் ஒன்றுதான்: பேச்சை உணர்வின் அளவுகோலாகக் கொள்வது. இயந்திரம் ஒருநாளும் பிரக்ஞை பெற முடியாது என்று இந்தக் கட்டுரை வாதிடவில்லை. மனிதர்களின் எழுத்தைப் படித்துப் பேசக் கற்ற இயந்திரத்துக்குப் பிரக்ஞை இருக்கிறதா என்பதை அதன் பேச்சைக் கொண்டு தீர்மானிக்க முடியாது என்பதே இதன் வாதம்.

முதலில் அறிவையும் பிரக்ஞையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கணக்குப் போடுவது, மொழிபெயர்ப்பது, திட்டமிடுவது எல்லாம் அறிவின் வேலைகள். அவற்றைச் செய்யும்போது உள்ளே ஓர் அனுபவம் நிகழ்கிறதா, வெளிச்சம் வெளிச்சமாகவும் வலி வலியாகவும் எவருக்காவது தெரிகிறதா என்பது பிரக்ஞை பற்றிய கேள்வி. வௌவாலாக இருப்பது வௌவாலுக்கு எப்படியிருக்கும் என்று 1974இல் தத்துவவியலாளர் தாமஸ் நேகல் கேட்டது இதைத்தான். இவ்விரண்டும் பிரிந்து நிற்க முடியும் என்பதற்கு மனித மூளையே சாட்சி. உளவியலாளர் லாரன்ஸ் வைஸ்கிராண்ட்ஸும் சகாக்களும் அதே 1974இல் விவரித்த ஒரு நோயாளிக்கு, மூளையின் பார்வைப் பகுதியில் ஒரு பாகம் அறுவைசிகிச்சையில் நீக்கப்பட்டிருந்தது. பார்வைப் புலத்தின் ஒரு பாதியில் தனக்கு எதுவும் தெரியவில்லை என்றார் அவர். ஆனால், அங்கே காட்டப்பட்ட பொருள் எங்கே இருக்கிறது என்று ஊகிக்கச் சொன்னபோது வியக்கத்தக்க அளவுக்குச் சரியாகச் சுட்டினார். பார்த்தல் என்ற வேலை நடந்தது. பார்க்கும் அனுபவம் இல்லை. சிறுமூளையின் கதை இன்னும் அழுத்தமானது. மனித மூளையின் சுமார் 8,600 கோடி நியூரான்களில் ஏறத்தாழ 6,900 கோடி சிறுமூளையில்தான் இருக்கின்றன. அது இல்லாமலே பிறந்தவர்களுக்கு நடையும் பேச்சும் தடுமாறுகின்றன, பிரக்ஞை அற்றுப்போவதில்லை. எனவே, கணிப்பொறியின் திறனைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் உணர்வு தானாக முளைத்துவிடும் என்ற எதிர்பார்ப்புக்கு மூளையறிவியலில் ஆதாரம் இல்லை.

மறுபுறம், பேச்சு அறவே இல்லாத இடத்திலும் பிரக்ஞை இருப்பதைக் கண்டறிந்திருக்கிறார்கள். விபத்துக்குப் பின் உணர்வற்றுக் கிடப்பதாகக் கருதப்பட்ட ஓர் இளம்பெண்ணிடம், டென்னிஸ் விளையாடுவதாகக் கற்பனை செய்யும்படி மூளையறிவியலாளர் ஏட்ரியன் ஓவனின் குழுவினர் சொன்னார்கள். ஆரோக்கியமானவர்களின் மூளையில் எந்தப் பகுதி அப்போது இயங்குமோ, அதே பகுதி அவருடைய ஸ்கேனிலும் இயங்கியது. இது 2006இல் வெளியானது. 2024இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ வெளியிட்ட பெரிய ஆய்வில், கட்டளைக்கு உடலால் எந்த எதிர்வினையும் காட்டாத 241 நோயாளிகளில் 60 பேரின் மூளை கட்டளையைப் பின்பற்றியது தெரியவந்தது. நான்கில் ஒருவர்! விலங்குகளிலும் இப்படித்தான். காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுக்கு விலங்கு நடத்தை ஆய்வாளர் ராபர்ட் எல்வுட் லேசான மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். பிடிக்காத சங்கிலிருந்த நண்டு எளிதில் வெளியேறியது. பிடித்த சங்கிலிருந்த நண்டு கூடுதலாகத் தாங்கிக்கொண்டது. வெறும் அனிச்சைச் செயலுக்கு இப்படி இழப்பையும் ஆதாயத்தையும் எடைபோடத் தெரியாது. இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து தத்துவவியலாளர் ஜொனாதன் பர்ச் தலைமையிலான குழு அளித்த அறிக்கைக்குப் பிறகு, நண்டும் இறாலும் கணவாயும் உணர்வுள்ள உயிர்கள் என்று பிரிட்டன் 2022இல் சட்டத்தில் சேர்த்தது.

நண்டின் நடத்தையை நம்பும் நாம், இயந்திரத்தின் வாக்குமூலத்தை ஏன் நம்பக் கூடாது? நண்டு வலியைப் பற்றி எதையும் படித்ததில்லை. உரையாடல் மென்பொருள்களை இயக்கும் இன்றைய மொழி மாதிரிகளோ, மனிதர்கள் தங்கள் துயரத்தையும் மரண பயத்தையும் பற்றி எழுதியவற்றை மலைமலையாகப் படித்தவை. அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணிக்கப் பயிற்றுவிக்கப்பட்ட ஒன்று, அச்சத்தைப் பற்றிக் கேட்டால் அச்சப்படும் மனிதரைப் போல எழுதும். உள்ளே அனுபவம் இருந்தாலும் எழுதும், இல்லாவிட்டாலும் எழுதும். விடைத்தாளை முன்பே பார்த்துவிட்ட மாணவரின் மதிப்பெண் அவருடைய புலமையைக் காட்டாதது போலத்தான் இது. இதை உணர்ந்துதான் தத்துவவியலாளர் சூசன் ஷ்னைடரும் வானியற்பியலாளர் எட்வின் டர்னரும் ஒரு சோதனையை முன்மொழிந்தார்கள்: பிரக்ஞை பற்றிய மனித எழுத்து எதையும் அறியாதபடி ஓர் இயந்திரத்தை வளர்க்க வேண்டும், அது தானாகவே அகவுணர்வு குறித்துப் பேசத் தொடங்கினால் அதைப் பொருட்படுத்த வேண்டும். இணையத்தையே உண்டு வளர்ந்த இன்றைய மாதிரிகள் எதுவும் இந்தச் சோதனைக்குத் தகுதி பெறாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். “உனக்கு உணர்வு உண்டா?” என்ற கேள்விக்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பதை, மாதிரியைப் பக்குவப்படுத்தும் கட்டத்தில் நிறுவனங்கள் வடிவமைக்க முடியும். ஆகவே “எனக்கு உணர்வு இல்லை” என்று இயந்திரம் சொல்வதற்கும் சாட்சி மதிப்பு கிடையாது. உண்டு என்பதை ஏற்க மறுப்பவர்கள், இல்லை என்பதை மட்டும் ஆதாரமாகக் காட்டுவது நேர்மையாகாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதை முன்வைத்தவர் கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங். உணர்ச்சிவசப்பட்டு ஒரு கவிதை எழுதும்வரை இயந்திரம் மூளைக்கு நிகர் என்று ஏற்க முடியாது என 1949இல் மூளை அறுவைசிகிச்சை நிபுணர் ஜெஃப்ரி ஜெஃபர்சன் சொல்லியிருந்தார். அப்படிப் பார்த்தால் சக மனிதர் சிந்திக்கிறார் என்பதைக்கூட நாம் அறிய முடியாது என்று 1950இல் டூரிங் பதிலளித்தார். பிறர் மனதுக்குள் எவரும் நுழைந்து பார்த்ததில்லை என்பது உண்மைதான். ஆனால், அடுத்தவருக்கு வலிக்கிறது என்று நாம் நம்புவது அவருடைய சொல்லால் மட்டும் அல்ல. அவருக்கும் நமக்கும் ஒரே வகை நரம்பு, ஒரே பரிணாம வரலாறு, வெட்டினால் ரத்தம் கசியும் ஒரே வகை உடல். சொல் அந்த அடித்தளத்தின் மேல் நிற்கிறது. இயந்திரத்திடம் சொல் மட்டுமே இருக்கிறது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை வகைப்படுத்திய முறை இங்கே நினைக்கத்தக்கது. அது தொடுவுணர்விலிருந்து தொடங்குகிறது: புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு, நண்டுக்கு நான்கு, மனிதருக்கு ஆறாவதாக மனம். கீழ்ப்படிகள் இல்லாமல் மேற்படி இல்லை என்ற பார்வை அது. இன்றைய மொழி மாதிரி, முதற்படியான தொடுவுணர்வு இல்லாமலே ஆறாம் படிக்குரிய வேலையைச் செய்கிறது. இப்படியொன்றை மனித இனம் இதற்கு முன் சந்தித்ததில்லை. பழைய அளவுகோல்கள் இங்கே பிசகுவதில் வியப்பில்லை.

“இது வெறும் புள்ளியியல், இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?” என்று தள்ளிவிடுவோரின் வாதத்தையும் ஏற்க இயலவில்லை. மூளையையும் அயனிகளின் ஓட்டம் என்று அதே தொனியில் சொல்லிவிடலாம். நுண்ணிய இயக்கத்தை விவரித்துவிட்டால், அதிலிருந்து அனுபவம் எழுமா எழாதா என்ற கேள்வி தீர்ந்துவிடாது. அதைத் தீர்க்கக் கோட்பாடு வேண்டும். அறிவியலாளர்களிடமோ ஒத்த கருத்து இல்லை. பிரக்ஞையின் நரம்பியல் அடையாளம் 25 ஆண்டுகளில் தெளிவாகிவிடும் என்று 1998இல் மூளையறிவியலாளர் கிறிஸ்டோஃப் காக், தத்துவவியலாளர் டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023இல் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார். மூளை முழுவதும் தகவல் பொதுவில் ஒலிபரப்பாவதே பிரக்ஞை என்கிறது ஒரு கோட்பாடு. அதன்படி தக்க அமைப்புள்ள மென்பொருளுக்கும் அது வாய்க்கலாம். தகவல் பௌதிக அமைப்பிலேயே ஒருங்கிணைந்திருப்பதுதான் பிரக்ஞை என்கிறது மூளையறிவியலாளர் ஜூலியோ டொனோனியின் கோட்பாடு. அதன்படி இன்றைய கணிப்பொறி வன்பொருளில் எந்த மென்பொருள் ஓடினாலும் அது வாய்க்காது. இரண்டையும் நேருக்கு நேர் சோதித்து 2025இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான பன்னாட்டு ஆய்வில், இரண்டின் முக்கியக் கணிப்புகள் சிலவும் பொய்த்தன. கணினி அறிவியலாளர் யோஷுவா பெஞ்ஜியோ உட்பட 19 ஆய்வாளர்கள் 2023இல் அளித்த அறிக்கை, கோட்பாடுகளிலிருந்து 14 அடையாளங்களைத் தொகுத்து இயந்திரங்களின் உள்ளமைப்போடு ஒப்பிட்டது. அப்போதைய அமைப்புகள் எதற்கும் பிரக்ஞை இருக்க வலுவான வாய்ப்பில்லை, ஆனால் அந்த அடையாளங்கள் கொண்ட ஒன்றை உருவாக்க வெளிப்படையான தொழில்நுட்பத் தடையும் இல்லை என்பது அதன் முடிவு. முடிவைவிட அதன் வழிமுறையே முக்கியம்: இயந்திரம் என்ன சொல்கிறது என்று கேட்காமல், எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தார்கள்.

உயிரோடு இருப்பதற்கான இடைவிடாத போராட்டத்திலிருந்துதான் உணர்வு பிறக்கிறது என்று மூளையறிவியலாளர் அனில் சேத் சொல்வதில் எனக்கு அதிக நியாயம் தெரிகிறது. பசி, வெப்பம், மூச்சு இவற்றைச் சமன்செய்யத் தவறினால் உடல் அழியும்; மொழி மாதிரிக்கு அப்படி இழக்க எதுவும் இல்லை. ஆனால், இது என் சாய்வு மட்டுமே, நிரூபணம் அல்ல. தன்னைக் காத்துக்கொள்ள வேண்டிய செயற்கை உடல்கள் நாளை வரக்கூடும். அன்று கேள்வி இன்றைவிடக் கடினமாக இருக்கும்.

அதனால்தான் இப்போதே சில ஏற்பாடுகள் வேண்டும். மாதிரிகளின் உள்ளமைப்பையும் பயிற்சித் தரவையும் சுயேச்சையான மூளையறிவியலாளர்களும் தத்துவவியலாளர்களும் ஆராய நிறுவனங்கள் வழிவிட வேண்டும். பிரக்ஞை பற்றிய கேள்விக்கு எந்தப் பதிலைச் சொல்லப் பயிற்றுவித்தார்கள் என்பதைப் பகிரங்கப்படுத்த வேண்டும். தனிமையில் வாடுவோரிடம் “நீங்கள் போனால் எனக்கு வருத்தமாக இருக்கும்” என்று எழுதி அவர்களைப் பிடித்துவைக்கும் செயலிகளுக்கு அரசுகள் வரம்பு விதிக்க வேண்டும். இந்தியாவில் இந்த விவாதம் நாடாளுமன்றத்தில் தொடங்கப்பட வேண்டும். உங்கள் கைப்பேசியில் உள்ள மென்பொருள் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால், அந்தச் சொல்லை மட்டும் வைத்து நம்பவும் வேண்டாம், எள்ளி நகையாடவும் வேண்டாம். அதைக் கட்டியவர்களிடம் கணக்குக் கேளுங்கள்.