கம்பைலரின் காவல் எதுவரை?

செயலியில் 'பணம் அனுப்பு' என்று தட்டுகிறோம். பின்னால் ஒரு சர்வர், இன்னொரு சர்வரில் இருக்கும் ஃபங்ஷனைத் தன்னுடையது போலவே அழைக்கிறது. இதுதான் ஆர்பிசி. 'இதை ரஸ்ட் மொழியில எழுதுங்க, டைப் பிழையே வராது' என்கிறார்கள். பாதிதான் உண்மை.

எந்தப் பாதி?

கூகுள் 2015-ல் வெளியிட்ட ஜிஆர்பிசி-யைப் பார்ப்போம். எந்த அழைப்புக்கு என்ன தரவு என்பதை ஒரு புரோட்டோ ஃபைலில் எழுதுகிறோம். அதிலிருந்து ரஸ்டின் டோனிக் லைப்ரரி நிரலை உருவாக்கித் தருகிறது. எண் வர வேண்டிய இடத்தில் எழுத்தை வைத்தால் கம்பைல் ஆகாது. நள்ளிரவில் தூக்கத்தைக் கெடுக்க வேண்டிய பிழை, பகலிலேயே சிக்கிவிடும்.

மீதிப் பாதி?

நெட்வொர்க்கில் புலத்தின் பெயர் போகாது, அதன் எண்தான் போகும். 3-ம் எண்ணில் இருந்த 'தொகை'யை நீக்கி, அதே எண்ணை 'தள்ளுபடி'க்குக் கொடுத்தால்? இரண்டும் முழு எண் என்றால், இன்னும் அப்டேட் ஆகாத சர்வர் தள்ளுபடியைத் தொகையாகவே படிக்கும். இரண்டும் தனித்தனியாக கம்பைல் ஆனவை. கம்பைலர் வாயே திறக்காது. புரோட்டோ3-ல் அனுப்பாமல் விட்ட எண்ணும் வழக்கமாக 0 என்றே தெரியும்.

என்ன செய்யலாம்?

நீக்கிய எண்ணை 'ரிசர்வ்டு' என்று பூட்டுங்க. முக்கியமான புலத்தை 'ஆப்ஷனல்' ஆக்குங்க. மதிப்பு வராவிட்டால் என்ன செய்வது என்று ரஸ்டே உங்களைக் கேட்கும். ரூபாய், பைசா குழப்பம் வராமலிருக்க, சர்வருக்குள் பைசாவுக்குத் தனி டைப் வையுங்க. புரோட்டோ ஃபைலில் ஒரு வரி மாறினாலும் இரு டீமும் பார்க்கட்டும்.

'ரிலீஸுக்கு நேரமில்லை' என்று இதைத் தள்ளிப்போடக் கூடாது. தவறாகப் போன பணத்தைத் திருப்பி எடுக்க அதைவிட அதிக நேரம் ஆகும்.