இல்லமும் கருவியும்: உடன் வந்த பிளேயரை நீக்கலாமா?

சென்ற திங்கள் இதழ் அன்பர்களின் கைகளைச் சேர்ந்த சில நாட்களில், நம் சங்கத்தின் நெடுநாள் உறுப்பினர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. வீட்டுக் கணிப்பொறி மெதுவாக இயங்குகிறதாம். அதனை வாங்கியபோதே உள்ளே இருந்த மூன்று மீடியா பிளேயர்களையும் நீக்கிவிட வேண்டும் என்று கல்லூரியில் பயிலும் மகன் பிடிவாதம் செய்கிறாராம். “நீக்கினால் என் தாயாரின் பாட்டுகளும் உடன் போய்விடுமோ?” என்று கேட்டிருந்தார் உறுப்பினர்.

அந்த அம்மையார் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் 1991-ஆம் ஆண்டு அவர் பாடிய நலங்குப் பாட்டுகளும் தாலாட்டும் ஓர் ஒலிநாடாவில் பதிவாயின. 2006-இல் கடையொன்றில் குறுந்தகடாக மாறின. பிறகு கணிப்பொறியில் ஏறின. பாட்டியின் மடியில் வளரும் பேறு இவ்வூரில் பிறந்த பேரனுக்கு இல்லை. அவர் குரலையாவது இழக்காமல் இருக்க வேண்டும் அல்லவா? ஆதலின் மறுமொழி எழுதுவதை விடுத்து, ஞாயிற்றுக்கிழமை நாமே நேரில் சென்றோம்.

முதலில் அவருடைய அச்சத்தைப் போக்கினோம். பாட்டு வேறு, அதனை ஒலிக்கச் செய்யும் பிளேயர் வேறு. கிராமபோன் பெட்டியை விற்றவர் இசைத்தட்டுகளையும் விற்றவர் ஆகமாட்டார். பாட்டுக் கோப்புகள் பெரும்பாலும் ‘மியூசிக்’ என்னும் கோப்புறையில் தனியே கிடக்கும். பிளேயரை நீக்கினாலும் அவை அங்கேயே இருக்கும். ஆனால் பிளேயருக்குள் நாம் வகுத்து வைக்கும் பட்டியல்களின் செய்தி வேறு. பட்டியல் என்பது பாட்டு அன்று. பாட்டின் பெயரும் அஃது இருக்கும் இடமும் குறித்த சீட்டு மட்டுமே. இந்த வேறுபாடு அன்று மாலை நமக்கு எவ்வளவு பயன்படப் போகிறது என்பதை அப்போது நாம் அறியவில்லை.

மகனின் வழக்கையும் கேட்டோம். அவர் கூற்றில் பாதி நியாயம் உண்டு. அங்கிருந்த மூன்றில் ஒன்று, கணிப்பொறியைச் செய்தவர்கள் சேர்த்து அனுப்பிய டிவிடி பிளேயர். 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதலாக, டிவிடியை ஓட்டும் வசதி விண்டோஸிலேயே அமைந்து வருவதில்லை. அக்குறையை நிரப்பவே உற்பத்தியாளர்கள் இத்தகையவற்றைச் சேர்த்தனர். இங்கே இருந்ததோ தவணை முடிந்த சோதனைப் பதிப்பு. கணிப்பொறியைத் திறக்கும்தோறும் தானும் எழுந்து, பணம் கட்டுமாறு நினைவூட்டிக்கொண்டிருந்தது. இதனை நீக்கலாம், நீக்கவும் செய்தோம்.

மற்ற இரண்டும் விண்டோஸைச் சேர்ந்தவை. ஒன்று, ‘விண்டோஸ் மீடியா பிளேயர் லெகசி’ என்று இப்போது வழங்கும் பழைய பிளேயர். மற்றொன்று, 2021 நவம்பரில் அறிவிக்கப்பட்டு விண்டோஸ் 11-உடன் வரும் புதிய மீடியா பிளேயர். இவை நாம் திறந்தாலன்றி வேலை செய்வதில்லை. இவற்றை நீக்குவதால் வேகம் கூடாது. மிஞ்சும் இடமும் சொற்பமே. ‘டாஸ்க் மேனேஜர்’ என்னும் பகுதியைத் திறந்து, தாமாகவே தொடங்கும் செயலிகளின் வரிசையை மகனுக்குக் காட்டினோம். அங்கே அவரே நிறுவிய விளையாட்டுச் செயலிகள் நான்கு நின்றன! அவர் ஒன்றும் பேசவில்லை. நாமும் மேலும் கிளறவில்லை.

வீட்டுக்கு வீடு எழும் இந்தக் கேள்வி ஒரு காலத்தில் நீதிமன்றம் ஏறிய கேள்வி என்பதை அன்பர்கள் அறிந்திருக்கலாம். பிளேயரை விண்டோஸுடன் பிணைத்து விற்பது போட்டியாளர்களை நசுக்கும் செயல் என்று ஐரோப்பிய ஆணையம் 2004 மார்ச்சில் தீர்மானித்தது. அவ்வழக்கில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 49 கோடியே 70 லட்சம் யூரோ அபராதம் விதித்து, பிளேயர் இல்லாத விண்டோஸையும் விற்குமாறு ஆணையிட்டது. 2007 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. ஆணைக்கு இணங்க ‘என்’ என்னும் எழுத்தைத் தாங்கிய பதிப்பு வெளிவந்தது. விலை மட்டும் குறையவில்லை. அதே விலைக்குக் குறைவான பண்டத்தை யார்தாம் வாங்குவர்? அப்பதிப்பு சீந்துவாரின்றிக் கிடந்தது. இன்றும் அவ்வகைப் பதிப்பில் ‘மீடியா ஃபீச்சர் பேக்’ என்பதைத் தனியே நிறுவாவிடில், ஒலியையும் காட்சியையும் சார்ந்த வேறு சில செயலிகளும் குறைபடுகின்றன.

இனி, நீக்குமுன் செய்ய வேண்டிய சோதனைக்கு வருவோம். பழைய விண்டோஸ் மீடியா பிளேயர் பதிப்புகளில், குறுந்தகட்டிலிருந்து பாட்டை எடுக்கும்போது நகல் காப்புப் பூட்டு இடும் தேர்வு ஒன்று இருந்தது. அப்பூட்டு விழுந்த பாட்டு, உரிமம் பெற்ற கணிப்பொறியில் மட்டுமே ஒலிக்கும். பூட்டு முறையும் பழையதாகிவிட்டது. 2024 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அதனைக் கைவிடப்படும் வசதிகளின் வரிசையில் சேர்த்தது. ஆதலின், இருபது ஆண்டுகளுக்கு முன் ஏற்றிய பாட்டுகளை உடையவர்கள் அவற்றை வேறொரு பிளேயரில் ஒருமுறை ஒலிக்கச் செய்து பார்த்தல் நன்று. அங்கே ஒலித்தால் பூட்டு இல்லை.

இச்சோதனைக்கு ஏற்றது வி.எல்.சி. என்னும் இலவசப் பிளேயர். பாரிஸ் நகருக்கு அருகே ஒரு பொறியியற் கல்லூரி மாணவர்கள் 1996-இல் தொடங்கிய முயற்சி அது. திருமண வீடியோத் தகடுகளின் பழைய கோப்புகளையும் முகஞ்சுளிக்காமல் ஓட்டும். 2022-ஆம் ஆண்டில் பல மாதங்கள் அதன் இணையதளம் நம் நாட்டில் முடக்கப்பட்டிருந்தது. நவம்பரில் தடை நீங்கியது. இப்போது வீடியோலான் என்னும் அதன் சொந்தத் தளத்திலிருந்தே பெறலாம். கண்ட இடத்தில் எடுக்க வேண்டா.

வி.எல்.சி.யை நிறுவி, பட்டியலில் கண்ட இருபத்து மூன்று பாட்டுகளையும் ஒவ்வொன்றாய்ச் சோதித்தோம். இருபத்திரண்டு ஒலித்தன. இருபத்து மூன்றாவது மட்டும் ஒலிக்கவில்லை. அதுவே தாலாட்டு.

பூட்டோ என ஐயுற்றோம், பூட்டு அன்று. கோப்பே அங்கு இல்லை. பட்டியலில் பெயர் மட்டும் இருந்தது. அது காட்டிய இடமோ என்றோ கழித்துவிட்ட பழைய கணிப்பொறியின் வட்டு. இடம் மாற்றியபோது அந்த ஒரு கோப்பு விடுபட்டிருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக எவரும் அறியாதது எப்படி? தாயார் மறைந்தபின் அந்த ஒரு பாட்டை மட்டும் தாம் கேட்டதே இல்லை என்றார் உறுப்பினர். நாம் போகாமல் மகன் பிளேயரை நீக்கியிருந்தால், பழி முழுவதும் அந்தப் பிள்ளையின் தலையில் அன்றோ விழுந்திருக்கும்!

குறுந்தகட்டைத் தேடினோம். உறுப்பினரின் மனைவியார் அலமாரியின் அடித்தட்டில், திருமணத் தகடுகளுக்கு நடுவிலிருந்து அதனை எடுத்துத் தந்தார். பதிவுத் தகடுகள் வெயிலிலும் வெப்பத்திலும் நாளடைவில் கெடக்கூடியவை. இது இருட்டில் கிடந்தது நற்பேறு. இருமுறை செருகியும் கணிப்பொறி அதனை ஏற்கவில்லை. மூன்றாம் முறை ஏற்றது.

அத்தகட்டிலிருந்து பாட்டுகளை எடுத்துத் தந்தது எது தெரியுமா? மகன் நீக்க விரும்பிய அந்தப் பழைய விண்டோஸ் மீடியா பிளேயர்தான். தரம் சிறிதும் குறையாத ‘ஃப்ளாக்’ வடிவில் எடுக்கும் வசதியும் அதில் உண்டு. முன்னர் ஏற்றிய கோப்புகள் சுருக்கிய வடிவில் இருந்தமையால் அனைத்தையும் புதிதாக எடுத்தோம். ஒரு படி கணிப்பொறியிலும், ஒரு படி பென்டிரைவிலும், ஒரு படி கும்பகோணத்தில் வாழும் தமக்கையாரின் பேரனிடமும் இருக்கும். ஒலிநாடாவும் தமக்கையார் வீட்டிலேயே இருக்கிறதாம். அதனை எறிந்துவிட வேண்டா என்று உடனே தொலைபேசியில் சொல்லச் செய்தோம்.

பழைய பிளேயர் அவ்வீட்டில் இப்போதைக்கு இருக்கும். பிறகு வேண்டாம் எனத் தோன்றினால் அமைப்புகளில் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ பகுதியில் நீக்கலாம்; வேண்டுமாயின் அங்கேயே மீண்டும் சேர்க்கலாம்.

எடுத்து முடிந்ததும் மகன்தான் தாலாட்டை ஒலிக்கச் செய்தார். பாட்டின் நடுவே அம்மையார் சட்டென்று நிறுத்தி, “அடுப்புல பால் பொங்குது, யாராச்சும் பாருங்கடி” என்கிறார்; பிறகு விட்ட இடத்திலிருந்து பாடுகிறார். மகன் சிரித்துவிட்டார். “அப்பா, இது உங்களுக்குப் பாடியதா?” என்றார். “உனக்கடா. அந்த ஆண்டு நீ பிறக்கவே இல்லை, பிறந்தால் கேட்கட்டும் என்றுதான் பதிவு செய்யச் சொன்னார்” என்றார் உறுப்பினர்.

ஒலிநாடாவிலிருந்து வீட்டிலேயே கணிப்பொறிக்கு மாற்றும் முறையினை அடுத்த திங்கள் எழுதுவோம்.