தொப்பையை உறிஞ்சி எடுத்தால் சர்க்கரை போய்விடுமா?

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். எழுந்து நின்று, தொப்புளுக்குப் பக்கத்தில் வயிற்றுச் சதையை இரண்டு விரலால் கிள்ளிப் பிடியுங்கள். கொத்தாகக் கைக்குள் வருகிறதா? அது தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு. வயிறு முன்னால் தள்ளி நிற்கிறது, ஆனால் கிள்ளினால் கொஞ்சம்தான் சிக்குகிறது என்றால், உங்கள் கொழுப்பு பெரும்பாலும் உள்ளே, குடலையும் ஈரலையும் சுற்றிப் படிந்திருக்கிறது. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் லைப்போசக்ஷனுக்குப் பணம் புரட்டுகிறார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் மாறி மாறிப் பார்க்கும் ஒருவர் என்னிடம் கேட்டார்: "மெஷின் வெச்சு உறிஞ்சிட்டா சுகரும் போயிடுமாமே டாக்டர், வீட்ல இருக்கிற நகையை வெச்சுடலாமா?" இடுப்பை அளந்தேன், 104 சென்டிமீட்டர். நம் ஊர் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 தாண்டினாலே உஷாராக வேண்டும். ஆனால் கிள்ளினால் விரலில் அதிகம் சிக்கவில்லை. அவர் நகையை அடகு வைத்தாலும், அவரைப் படுத்துகிற கொழுப்பை அந்தக் குழாய் தொடவே போவதில்லை.

சித்த வைத்தியன் என்பதால் நான் ஆபரேஷனைத் திட்டுவேன் என்று நினைக்காதீர்கள். உப்புநீரில் மரத்துப்போகும் மருந்தும் அட்ரினலினும் கலந்து தோலுக்கடியில் ஏற்றுகிறார்கள். ரத்தக்குழாய்கள் சுருங்கிய பின் சிறு துளை போட்டு, மெல்லிய குழாயை நுழைத்து உறிஞ்சுகிறார்கள். அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி க்ளைன் 1980-களில் இந்த நீரேற்றும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் ரத்த இழப்பு வெகுவாகக் குறைந்தது. இப்போது லேசர், அல்ட்ராசவுண்ட் என்றெல்லாம் சொல்கிறார்கள். அவை கொழுப்பை இளக்குவதற்கான வழிகள். உறிஞ்சுவது என்னவோ அதே தோலடிக் கொழுப்பைத்தான். எடை சரியாக இருந்தும் கரையாத தொடைச் சதைக்கும், மார்பு பெருத்துச் சட்டையைக் கழற்றக் கூச்சப்படும் ஆண்களுக்கும் தேர்ந்த பிளாஸ்டிக் சர்ஜன் கையில் நல்ல பலன் உண்டு. உருவத்துக்கு அது சரி.

நோய்க்கு? 2004-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைச் சொல்கிறேன். பருமனான 15 பெண்களுக்குச் சுமார் 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிட்டு, இரண்டரை மாதம் கழித்துச் சோதித்தார்கள். பத்து கிலோ! சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கொலஸ்ட்ரால் எதிலும் முன்னேற்றம் இல்லை. 2011-ல் கொலராடோ ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். எடுத்த அளவு கொழுப்பு ஒரே வருடத்தில் உடம்புக்குத் திரும்பிவிட்டது. தொடை இளைத்தபடியே இருக்க, வயிற்றில் போய்ச் சேர்ந்தது.

எங்கள் சாத்திரக் கணக்கில் ஏழு உடல் தாதுக்களில் கொழுப்பு நாலாவது. சாரம், செந்நீர், ஊன், அதற்குப் பிறகு கொழுப்பு. சாப்பாட்டுச் சாரத்திலிருந்து வரிசையாக உண்டாவது. மேலே குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு கீழே வாளியால் இறைத்தால் தொட்டி காலியாகுமா? ராத்திரி ஷிப்ட்டில் பன்னிரண்டு மணிக்கு நாலு பரோட்டா, விடிகாலையில் வீட்டுக்கு வந்ததும் இட்லி, அப்படியே படுக்கை. ஷிப்ட்டை நீங்கள் மாற்ற முடியாது, தெரியும். நடுராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாக்க முடியும். ஆவடிக்காரர்களுக்குப் பருத்திப்பட்டு ஏரிக்கரை இருக்கிறது. தினம் முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தால், முதலில் இறங்குவது பெரும்பாலும் அந்த உள்கொழுப்புதான்.

சரி, அழகுக்காகவே செய்துகொள்கிறேன் என்கிறீர்களா? உங்கள் உடம்பு, உங்கள் விருப்பம். ஆனால் 2022 மே மாதம் பெங்களூரில் கன்னட நடிகை சேதனா ராஜ் கொழுப்பு நீக்கும் ஆபரேஷனுக்குப் போய் உயிரோடு திரும்பவில்லை. வயது 21. (2024-ல் நம் பம்மலில் இளைஞர் ஒருவர் இறந்தாரே, அது உடல் பருமனுக்கான வேறு ஆபரேஷன். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.) பியூட்டி பார்லர் மாதிரி மாடி ரூமில் செய்துகொள்கிற சமாசாரமா இது? செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா, மயக்க மருந்து டாக்டர் கடைசிவரை கூட இருப்பாரா, அதே கட்டடத்தில் ஐ.சி.யூ. இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். எத்தனை லிட்டர் எடுப்பீர்கள் என்றும் கேளுங்கள். ஐந்து லிட்டருக்கு மேல் என்றால் ஒரு ராத்திரியாவது ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிக்க வேண்டிய விஷயம். கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிறவரிடம் உடம்பைக் கொடுக்காதீர்கள். வீட்டில் சொல்லாமலும் போகாதீர்கள்.

எங்கள் பக்கத்துக் குறையையும் மூடி மறைக்க மாட்டேன். 'பதினைந்தே நாளில் தொப்பை கரையும்' என்று லேகியமும் எண்ணெயும் விற்கிறவர்கள் பூந்தமல்லி வரைக்கும் போஸ்டர் ஒட்டுகிறார்கள். உடல் பருமனைப் போக்குவதாக மருந்து விளம்பரம் செய்யவே கூடாது என்று 1954-ம் வருடத்து மத்திய சட்டம் சொல்கிறது. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். நானும் கொள்ளு ரசம் சாப்பிடச் சொல்கிறேன், அது நல்ல சாப்பாடு என்பதால். அதைக் குடித்துவிட்டுச் சர்க்கரை மாத்திரையை நிறுத்துவது மட்டும் வேண்டாம்.