மஞ்சளிக்கும் இலைக்குத் தண்ணீர் மருந்தன்று



பிரெஞ்சுக்காரர் 1826-ஆம் ஆண்டில் தாவரவியல் பூங்கா அமைத்த காலந்தொட்டு அயல்நாட்டுச் செடிகளோடு பழகிய ஊர் நம் புதுச்சேரி. முல்லா வீதி, காஜியார் வீதிப் பக்கத்துப் பழைய வீட்டுத் தாழ்வாரங்களிலும், புதிய அடுக்ககங்களின் சன்னலோரங்களிலும் தொட்டியில் அமாரில்லிஸ் வளர்ப்போர் மழைக்காலத்தில் தவறாது கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “இலை மஞ்சளிக்கிறதே, தண்ணீர் போதவில்லையோ?”

பெரும்பாலும் உண்மை இதற்கு நேர்மாறானது. தண்ணீர் மிகுந்துவிட்டது என்பதே விடை.

கடைகளில் அமாரில்லிஸ் என விற்கப்படுவது, தாவர நூலார் ஹிப்பியாஸ்ட்ரம் என்றழைக்கும் தென் அமெரிக்கச் செடியாகும். வெங்காயம் போன்ற அதன் கிழங்கு நீரையும் உணவையும் தன்னகத்தே சேமித்து வைக்கிறது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்றில் ஈரம் மிகுதி. வீட்டினுள் வெயிலோ குறைவு. மண் உலர நாளாகும். அந்நிலையில் நாள்தோறும் நீர் வார்த்தால் காற்றின்றி வேர் அழுகும். வேரிழந்த செடியால் நீரை உறிஞ்ச இயலாது, இலை வாடும். அவ்வாட்டத்தைத் தாகமென்று கருதி மேலும் வார்க்கிறோம். முடிவில் கிழங்கே அழுகிப்போகிறது.

ஆகவே, நீர் வார்க்குமுன் மண்ணில் இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். ஈரமிருப்பின் நீர் வேண்டாம். அடுத்து, கிழங்கை மெல்ல அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் அச்சமில்லை. மெத்தென்றிருந்தால் வெளியே எடுத்து, அழுகிய பகுதியைச் சீவி, நிழலில் சில நாள் உலர்த்துங்கள். பின்னர் அடியில் துளையுள்ள தொட்டியில், மணல் கலந்த புதுமண்ணிட்டு, கிழங்கின் மேற்பகுதியில் மூன்றிலொரு பங்கு வெளியே தெரியுமாறு நடுங்கள்.

வேறு குறிகளும் உண்டு. வெளிப்புறத்து முதிர்ந்த இலை ஒன்றிரண்டு மட்டும் பழுத்தால் அது இயல்பே. இலைகள் நீண்டு துவண்டால் ஒளி போதவில்லை. காலை வெயில் படும் சன்னலருகே வையுங்கள். நுனி மட்டும் கருகினால் உப்பு நீரோ மிகுந்த உரமோ காரணமாகலாம். நல்ல நீர் விட்டு மண்ணை ஒருமுறை அலசி வடியவிடுங்கள். சிவந்த கோடுகளும் புள்ளிகளும் பூஞ்சை நோயின் அடையாளம். அவ்விலையை நீக்கி, இனி இலைமேல் நீர் படாமல் வாருங்கள். இலையடியில் பஞ்சுபோல் வெண்மை தென்பட்டால் அது மாவுப்பூச்சி. சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள்.

பூ உதிர்ந்தபின் பச்சை இலைகளை அழகு கருதி நறுக்கிவிடாதீர்கள். அடுத்த பூவுக்கான உணவை ஆக்கிக் கிழங்கில் சேர்ப்பவை அவ்விலைகளே.

மற்றொன்று மிக முக்கியம். இக்கிழங்கில் லைக்கோரின் என்னும் நஞ்சு உள்ளது. தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். உலர்த்த வைத்த கிழங்கைச் சமையலறை வெங்காயக் கூடைக்கு அருகில் வைக்கவே வேண்டாம். குழந்தைகளுக்கும் ஆடுகளுக்கும் எட்டாத இடத்தில் வைத்து, தொட்டபின் கைகளை நன்கு கழுவிக்கொள்ளுங்கள்.